ஊர் என்றால் யார்?

2023 ஜனவரி 30 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு வட்டத்திலுள்ள தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் முதன்முறையாகக் காலடி வைத்தார்கள். மாவட்ட ஆட்சியர் முருகேஷ் உடன் வந்தார். ஏராளமான போலீஸார் பாதுகாப்புக்கு நின்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இதே மாவட்டத்தின் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் இதே காட்சி. மதராஸ் மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். தீண்டாமையை ஒழித்த அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு நடைமுறைக்கு வந்தது 1950இல். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் திறந்திருந்த கதவை நிஜத்தில் பூட்டி வைத்தது எது? நிலம் யார் கையில் இருக்கிறது, கூலி வேலைக்கு யாரை நம்பி வாழ வேண்டியிருக்கிறது, தேர்தல் கணக்கு என்ன என்று பல காரணங்கள் உண்டு. அவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. கோயில் நுழைவுப் பிரச்சினை எங்கே எழுந்தாலும் பேச்சுவார்த்தையில் வந்து விழும் வாக்கியம் அது: “ஊர் ஒத்துக்காது.”

அந்த ‘ஊர்’ யார்? வட மாவட்டத்துக் கிராமங்களில் ஊர் என்ற சொல்லுக்கு எல்லை உண்டு. காலனியில் குடியிருப்பவர் கடைக்குப் போகும்போது “ஊருக்குள்ள போயிட்டு வரேன்” என்பார். அவருடைய வாக்காளர் அட்டையிலும் ரேஷன் அட்டையிலும் அதே கிராமத்தின் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. அவரும் அதே ஊராட்சித் தலைவருக்குத்தான் ஓட்டுப் போடுகிறார். ஆனால் பேச்சு வழக்கில் அவர் ஊருக்கு வெளியே இருக்கிறார். ஊர்க்கூட்டம் என்றால் அதில் அவருக்கு இடமில்லை. ஊர்க்கட்டுப்பாடு என்றால் அது அவரைக் கேட்காமல் போடப்பட்டது. ஊர்த் திருவிழா, ஊர்க் கிணறு, ஊர்ச் சுடுகாடு என எல்லாவற்றிலும் அதே எல்லை. இவற்றில் ஒரு சொல்கூட வசைச் சொல் இல்லை. பாடப்புத்தகத்தில் போடலாம், மேடையில் பேசலாம், யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. சாதி தன் வேலையைச் செய்வதற்கு இப்படிப்பட்ட சுத்தமான சொற்களைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது. வசவை எளிதில் அடையாளம் காணலாம். ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் விலக்கு, பேசுகிறவருக்கே தெரியாமல் அவர் வாயிலிருந்து வருகிறது.

வசவைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: ஒரு சாதியின் பெயரையே இழிவுபடுத்தும் நோக்கில் ஒருவர்மீது வீசினால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தத் தீர்ப்பில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அமெரிக்காவையும் துணைக்கு அழைத்தார். கறுப்பின மக்களைக் குறிக்க ஒரு காலத்தில் அங்கே சாதாரணமாகப் புழங்கிய சொல்லை இன்று யாரும் உச்சரிக்கத் துணிவதில்லை. சொல்பவரின் உள்நோக்கம் எதுவானாலும் அது அவமதிப்பாகவே கருதப்படுகிறது என்றார். நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் சாதாரணச் சொல்லை அவமானமாக மாற்றும் வழிமுறை இரண்டுக்கும் ஒன்றுதான். தீர்ப்பு நல்லது, அவசியமானது. ஆனால் “ஊர் ஒத்துக்காது” என்று சொன்னவர்மீது எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

‘காலனி’ என்ற சொல்லின் கதையைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், இந்தச் சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். நகரத்து வாசகர்கள் பலருக்கு அப்போது வியப்பாக இருந்திருக்கும். ஆசிரியர் காலனி, வங்கி ஊழியர் காலனி, ரயில்வே காலனி என்று அவர்கள் பெருமையாக முகவரி எழுதிக்கொள்ளும் சொல்தானே இது? ஆம், அதே சொல்தான். நகரத்தில் கௌரவமான குடியிருப்பு. கிராமத்தில் ‘காலனிக்காரன்’ என்றால் சாதி சொல்லியாகிவிட்டது. சேரி என்ற சொல்லும் இப்படியே. பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் இடம் எதுவும் சேரிதான். புதுச்சேரிக்காரரும் வேளச்சேரிக்காரரும் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூச்சப்படுவதில்லை. ஒரே சொல் ஓரிடத்தில் முகவரியாகவும் இன்னோரிடத்தில் முத்திரையாகவும் இருக்கிறது என்றால், அர்த்தம் அகராதியிலிருந்து வரவில்லை. அந்த இடத்தில் யார் வாழ்கிறார் என்பதிலிருந்து வருகிறது.

கிராமத்துக் காலனியை உருவாக்கியதில் அரசுக்கும் பங்கு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. வீடற்ற பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு மனை வழங்குவதற்கென்றே தமிழ்நாட்டில் 1978இல் ஒரு நிலம் கையகப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பெயரிலேயே ‘ஹரிஜன நலத் திட்டங்கள்’ என்று இருக்கும். நோக்கம் உயர்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் பட்டா பெற்றன, ஓட்டுக்கூரை போய்க் காங்கிரீட் வந்தது. ஆனால் நிலம் எங்கே எடுக்கப்பட்டது? பெரும்பாலும் பழைய சேரியை ஒட்டி அல்லது அதையும் தாண்டி. நலத்துறை தனி, மனைப்பிரிவு தனி, தெருவிளக்குக் கம்பம் தனி, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியும் தனி. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் மலம் கலக்கப்பட்டது பட்டியல் சாதி மக்கள் பயன்படுத்திய தொட்டியில்தான். தண்ணீரைத் தனித்தனித் தொட்டியில் பிரித்து வைத்தபோதே, ஒரு தரப்பினரை மட்டும் குறிவைக்கும் வழியும் திறந்துவிடப்பட்டது. வழக்கமாக இருந்த பிரிவினையைப் பொறியாளரின் வரைபடத்தில் ஏற்றியது நல்லெண்ணம் கொண்ட நிர்வாகம்தான். அந்த வரைபடத்துக்குச் சூட்டிய பெயர்தான் காலனி. கெட்டுப்போவதற்கு அதற்கு ஒரு தலைமுறைகூடத் தேவைப்படவில்லை.

பெயரை மாற்றிப் பார்ப்பது நமக்குப் புதிதுமல்ல. பறையர், பஞ்சமர் என்று அரசுப் பதிவேடுகளில் எழுதுவதை நிறுத்தி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என மதராஸ் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து 1922இல் வென்றவர் எம்.சி. ராஜா. அது அந்த மக்களே முன்வைத்த கோரிக்கை. அதன் மரியாதை தனி. 1930களில் காந்தி ‘ஹரிஜன்’ என்ற பெயரைப் பரப்பினார், அந்தப் பெயரிலேயே 1933இல் பத்திரிகையும் தொடங்கினார். கடவுளின் பிள்ளைகள் என்று அழைத்தால் யாருக்குத்தான் வருத்தம் வரும் என்று அவர் நினைத்திருக்கலாம். வருத்தம் வந்தது. பம்பாய் சட்டமன்றத்தில் 1938இல் ஒரு மசோதாவில் அந்தச் சொல் சேர்க்கப்பட்டபோது அம்பேத்கரும் அவருடைய கட்சியினரும் வெளிநடப்புச் செய்தார்கள். சான்றிதழ்களில் அதை எழுத வேண்டாம் என்று மத்திய அரசு 1982இல் அறிவுறுத்தியது. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லும் இன்று இழிவுபடுத்தவே பயன்படுகிறது என்று பதிவு செய்தது. அருள் வழங்குவதாக வந்த சொல் ஐம்பது ஆண்டுகளில் அவமானமாக முடிந்தது. அதற்குப் பின் வந்த ‘காலனி’க்கும் அதே கதி. அடுத்து எந்தச் சொல்லை வைத்தாலும், அது சுட்டும் மனிதர் அதே தள்ளிவைக்கப்பட்ட இடத்தில் நிற்கும்வரை, பழைய ஏளனம் புதிய சொல்லிலும் வந்து குடியேறும்.

அப்படியானால் சொல்லை மாற்றுவது வீண் வேலையா? இல்லை. தமிழிலேயே வெற்றி பெற்ற ஒரு மாற்றம் இருக்கிறது. சாதி மாறித் திருமணம் செய்தவர்களைக் குடும்பத்தாரே கொல்வதைச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ‘கௌரவக் கொலை’ என்றுதான் எழுதினோம். யாருடைய கௌரவம்? கொன்றவருடையது. கொலைகாரனின் நியாயத்தை அவன் வாயால் சொல்லும் முன்பே செய்தித்தாள் சொல்லிக்கொடுத்தது. 2015இல் கோகுல்ராஜும் 2016இல் உடுமலையில் சங்கரும் கொல்லப்பட்ட காலத்தில் ‘ஆணவக் கொலை’ என்ற சொல் பரவலாக வேரூன்றியது. இன்று பெரும்பாலான தமிழ் ஊடகங்களும் அரசும்கூட அப்படியே எழுதுகின்றன. இதற்கென்று சட்டம் இயற்றப் பரிந்துரைக்க 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. கொலைகள் நின்றுவிடவில்லை. ஆனால் கொன்றவர் தன்னைக் கௌரவமானவர் என்று பொதுவெளியில் சொல்லிக்கொள்ளும் வசதி பறிபோய்விட்டது. ஹரிஜன் தோற்ற இடத்தில் ஆணவக் கொலை ஏன் வென்றது? முன்னது பாதிக்கப்பட்டவருக்குப் பெயர் சூட்டியது. பின்னது செய்தவரின் குணத்துக்குப் பெயர் சூட்டியது. ஒடுக்கப்பட்டவரின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் ஒடுக்குகிறவரின் செயல் பெயரில்லாமலே தப்பித்துக்கொள்கிறது.

“நாங்கள் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை, ஊர் என்பது வழக்கில் வந்த சொல், எங்கள் மனதில் வஞ்சம் இல்லை” என்று பலர் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எண்ணத்தில் களங்கம் இல்லாததால் சொல்லிலும் இல்லை என்று ஆகிவிடாது. இதைத் தமிழர்கள் மற்ற இனத்தவரைவிட நன்றாகவே உணர முடியும், ஏனென்றால் நம்முடைய சொல்லே நம்மீது திருப்பி எறியப்பட்டிருக்கிறது. கூலி என்பது உழைப்புக்கான ஊதியம். அதைவிட மானமுள்ள சொல் ஏது? தென்னாப்பிரிக்காவில் அது இந்தியர் எல்லாரையும் இழித்துரைக்கும் பெயரானது. 1893இல் அங்கே போய் இறங்கிய காந்தியே ‘கூலி பாரிஸ்டர்’ ஆனார். அழைத்த வெள்ளையர்களில் பலருக்கு அது வெறும் வழக்குச் சொல்லாகவே இருந்திருக்கும். மலேசியாவில் ‘கெலிங்’ என்ற சொல் கலிங்கத்தோடு தொடர்புபடுத்தப்படும் பழைய பெயர். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரோடு மதிப்பாக நிற்கிறது. ஆனால் தெருவில் ஒரு தமிழரைப் பார்த்து அதே சொல்லைச் சொன்னால் சண்டை வரும், வர வேண்டும். அங்குள்ள தமிழர்களிடம் போய் அகராதியைக் காட்டிச் சமாதானம் சொல்ல யாருக்காவது மனம் வருமா? இலங்கையில் மலையகத் தமிழரைத் ‘தோட்டக்காட்டான்’ என்று சொன்னவர்களில் தமிழர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். வாங்கிய அவமானத்தின் நினைவு நம்மிடம் இருக்கிறது. கொடுக்கும் அவமானத்தை அடையாளம் காண அது போதுமான கருவி.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து ஒரு ஆட்சேபம் வருகிறது, அதை நான் மிகவும் மதிக்கிறேன். அவமானப் பெயரை ஏன் கைவிட வேண்டும், நிமிர்ந்து நின்று அதையே ஏற்றால் என்ன என்பது அது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். ஒளிந்துகொண்டால் விடுதலை வராது என்பது அவர் எண்ணம். அயோத்திதாசரோ அந்தப் பெயரையே ஏற்க மறுத்து, பௌத்தத்திலும் ‘தமிழன்’ என்ற பெயரிலும் வேறொரு அடையாளத்தைத் தேடினார். நூற்றாண்டுக்கு முந்தைய இந்த வேறுபாடு இன்னும் தீரவில்லை, தீர வேண்டிய கட்டாயமும் இல்லை. எந்தப் பெயரைச் சுமப்பது, எதை இறக்கி வைப்பது என்பது அந்தப் பெயரால் அழைக்கப்படுபவர்களின் முடிவு. 2018இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ‘தலித்’ என்ற சொல்லைத் தவிர்க்குமாறு தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தியபோது இதுதான் மீறப்பட்டது. 1970களிலிருந்து அந்த மக்களே போராடிப் பெற்ற அரசியல் பெயரை மேலிருந்து ஒரு சுற்றறிக்கை எடுத்துக்கொள்ளப் பார்த்தது. ‘காலனி’யை நீக்குவது அதற்கு நேர்மாறானது, அங்கே வாழ்பவர் யாரும் அதைத் தங்களுக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவில்லை. கணக்கெடுப்புக்கும் இடஒதுக்கீட்டுக்கும் சாதிப் பெயர் தேவை என்பதும் உண்மைதான். உரிமை கேட்கும் படிவத்தில் எழுதுகிற பெயர் வேறு, ஒவ்வொரு கடிதத்தின் உறையிலும் ஒருவர்மீது ஒட்டப்படுகிற பெயர் வேறு. தெருக்கள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதால் அதை வரவேற்கிறேன்.

மூன்றாவதாக ஒரு கேள்வி: நிலமும் வேலையும் கல்வியும் தராமல் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் என்ன பயன்? சொல்லையும் நிலத்தையும் தனித்தனியே பார்ப்பதால் எழும் கேள்வி இது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயில் 2023 ஜூனில் சீல் வைக்கப்பட்டபோது வழக்கின் அச்சாக இருந்தது ஒரு சொல்தான். கோயில் பொதுவா, ஒரு சமூகத்துக்குச் சொந்தமா? ‘எங்கள் கோயில்’ என்றது ஒரு தரப்பு; பொதுக் கோயில் என்றது அறநிலையத் துறை. பட்டியல் சாதி மக்கள் உள்ளே போக 2025 ஏப்ரல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொது என்ற சொல் யாரைச் சேர்க்கிறது என்பது தீர்ந்தால்தான் பொது நிலம், பொதுச் சுடுகாடு, ஏரி மீன் ஏலம், நூறு நாள் வேலையில் எந்தத் தெருவுக்கு வாய்க்கால் என்பதெல்லாம் தீரும். பொது என்பதற்கு முழு அர்த்தம் என்ன என்று திருவண்ணாமலைக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் தோளோடு தோள் உரசி நடக்கிறார்கள். நீ ஊரா, காலனியா என்று யாரும் கேட்பதில்லை. அதே கூட்டத்தில் நடந்துவிட்டு அதிகாலைப் பேருந்தில் தண்டராம்பட்டுப் பக்கம் திரும்புகிறவருக்கு, தன் கிராமத்து மாரியம்மன் விஷயத்தில் மட்டும் அந்தச் சொல் சுருங்கிப்போவது ஏன்? பெரிய கோயிலில் யாருக்கும் யாரையும் தெரியாது, சின்னக் கோயிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதே என் பதில். சாதிக்கு ஆளைத் தெரிய வேண்டும். அதனால்தான் முகவரியை அது அவ்வளவு கவனமாகக் காத்துவருகிறது.

இந்தப் பத்திரிகை உட்பட எல்லாப் பத்திரிகைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கோயிலுக்குள் போன பட்டியல் சாதி இளைஞர் அடிக்கப்பட்டால் ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று எழுதுவது நம் பழக்கம். அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே தட்டில் வைக்கும் வாக்கியம் அது. ‘கிராம மக்கள் எதிர்ப்பு’ என்று தலைப்பிட்டால், உள்ளே போக விரும்பியவர்கள் அந்தக் கிராமத்து மக்கள் இல்லை என்று அச்சிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ‘பதற்றம்’ என்ற சொல்லையும் யோசிக்க வேண்டும். எழுபது ஆண்டுகள் ஒரு பகுதி மக்கள் வாசலில் நிற்க வைக்கப்பட்டிருந்தபோது நாம் அதைப் பதற்றம் என்று எழுதவில்லை. அவர்கள் உள்ளே போக முயன்ற அன்றுதான் எழுதினோம். இவற்றைத் திருத்த எந்த அரசாணையும் தேவையில்லை. யார் தடுத்தார், யார் அடித்தார், யாருக்கு உரிமை மறுக்கப்பட்டது என்று எழுவாயோடு எழுதினால் போதும். அமைதிக் கூட்டம் நடத்தும் கோட்டாட்சியர் அலுவலகக் குறிப்புகளிலும் ‘ஊர்த் தரப்பு’, ‘காலனித் தரப்பு’ என்று எழுதாமல் ஊராட்சியின் பெயரையும் தெருவின் பெயரையும் எழுதலாம்.

அரசு செய்ய வேண்டியது இன்னும் பெரியது. அதற்கான முன்மாதிரியும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1997இல் மு. கருணாநிதி அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டத்தில் நூறு வீடுகளில் நாற்பது பட்டியல் சாதியினருக்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோருக்கு, இருபத்தைந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, பத்து மற்றவர்களுக்கு என்று கலந்து ஒதுக்கினார்கள். மாநிலம் முழுக்க 200க்கும் மேற்பட்ட சமத்துவபுரங்கள் உருவாயின. அவற்றில் குறைகள் உண்டு. பல இடங்களில் பராமரிப்பு கைவிடப்பட்டது, வீடுகள் கைமாறின, ஊரை விட்டுத் தள்ளியிருந்ததால் வேலைக்குச் செல்வதும் சிரமம். இருந்தும், சமத்துவபுரம் என்று முகவரி எழுதுபவரின் சாதியைத் தபால்காரரால் சொல்ல முடியாது. பெயரும் வரைபடமும் ஒன்றாக மாறியதால் கிடைத்த பலன் அது. காலனி என்ற சொல்லை நீக்கும் ஆணைக்கு உயிர் வர வேண்டுமானால், ஆதிதிராவிடர் நலத்துறை இனி வாங்கும் எந்த வீட்டுமனையும் பழைய காலனியின் கடைக்கோடியில் அமையக் கூடாது. கிராம நத்தத்திலும் புதிய மனைப்பிரிவுகளிலும் எல்லாச் சாதிக்கும் கலந்தே ஒதுக்கீடு என்று விதி வகுக்க வேண்டும். ஒரு ஊராட்சிக்கு ஒரே சுடுகாடு, ஒரே தண்ணீர் வலையமைப்பு என்பது மானியத்துக்கான நிபந்தனையாக வேண்டும். இந்தப் பணியைத் திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகம் தென்முடியனூரிலிருந்தும் செல்லங்குப்பத்திலிருந்தும் தொடங்கலாம். கோயில் கதவைத் திறக்க அன்று போலீஸோடு போன அதே நிர்வாகம், அடுத்த முறை நில அளவையரோடும் போக வேண்டும்.